பி பொசிட்டிவ்காரருக்கு நண்டு ஆகாது

1

போன மாதம் அத்தானின் திவசம் வந்துபோனது. அத்தான் என்று நான் சொல்வது என் கணவரின் தமையனை. மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் வயல் செய்து, அங்கேயே காலமானவர். நாங்கள் இருக்கிற சுவிஸ் சிற்றூரில் ஐயர் கிடையாது. கோயிலுக்குப் போவதென்றால் ரயில் மாறி ரயில் ஏற வேண்டும். அதனால் வீட்டு வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறோம். செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, இலையில் படைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, பிறகு வீட்டார் கூடி இருந்து அந்தப் படையலைச் சாப்பிடுவோம். அதில் ஒரு வாயாவது வைக்காமல் எழும்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு நியாயம்.

அத்தானுக்குப் பிடித்தது நண்டுக்கறி. வாவி நண்டுக்கு இங்கே எங்கே போவது? தமிழ்க் கடையில் கல்லுப்போல உறைந்து கிடந்த நண்டை வாங்கி வந்து, கரையவிட்டு, முருங்கையிலை போட்டு ஆக்கினேன். வாசம் நன்றாகத்தான் வந்தது. மேல்மாடிக்காரி யன்னலைச் சாத்திய சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

இவர் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி, தமையனின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு மேசையில் இருந்தோம். கொழுத்த கால் ஒன்றை உடைத்து இவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். விரலால் மெல்ல ஒதுக்கி ஓரத்தில் தள்ளினார்.

"என்னங்க, நண்டத் தள்ளுறீங்க?"

"எனக்கு ஆகாது. நான் பி பொசிட்டிவ்."

"அத்தானுக்குப் படைச்சதுங்க. ஒரு வாய் வையுங்களன்."

"அண்ணன் கோவிக்க மாட்டார்" என்றார். "அவருக்கும் பிதானே. தெரிஞ்சிருந்தா அவரும் நண்டத் தின்னாம இரிந்திருப்பார். காலும் போயிருக்காது."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். இவருக்குத் தயிர் எடுத்து வைத்தேன். அவ்வளவு நண்டையும் நான் ஒருத்தியாக உடைத்துத் தின்றேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது என்ன புதுக்கதை என்று இருக்கும். சொல்கிறேன்.

போன மாரிக்கு இவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று கண்டுபிடித்தார்கள். ரயில் பெட்டி துப்புரவு செய்கிற வேலை இவருக்கு. இரவு முழுக்கக் குனிந்து நிமிர்கிற மனுசனுக்கு எப்படிச் சீனி வரும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பெண் டொக்டர் மாத்திரை எழுதித் தந்து, சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். இவர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர், தன்னுடைய கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தானுக்குக் கால் எடுத்த கதை மனதில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், அபி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது சூரிச்சில் வேலை. அவள் ஒரு சுவிஸ் பெடியனுடன் சேர்ந்து வீடு எடுத்ததிலிருந்து தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் பேச்சு வற்றிப்போயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடித்தால்கூடப் பரவாயில்லை என்று நான் நினைத்ததுண்டு. அவள் வீட்டுக்குப் போன் எடுப்பாள். "அப்பா, சுகமா?" என்பாள். "ஓம். இந்தா அம்மாட்டக் குடுக்கிறன்" என்பார். அவ்வளவுதான். ஒரு மனுசன் தான் பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்டதும் சூடு பட்டதுபோல போனைக் கைமாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசில்லை.

சீனி வருத்தம் என்று நான் சொன்னதும் அபி பயந்துவிட்டாள். அவளோடு வேலை செய்கிற யாரோ ரத்த வகைப்படி சாப்பிட்டு உடம்பைக் குறைத்தாளாம். அந்த முறையைத் தேடி எடுத்துத் தகப்பனின் போனுக்கு அனுப்பினாள். ஓ வகையார் ஆதியில் வேட்டையாடினவர்களாம். ஏ வகையார் பயிர் செய்தவர்களாம். பி வகையார் மாடு மேய்த்தவர்களாம். அவரவர் ரத்தத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று நீளமான அட்டவணை.

"அப்பா, உங்கட பிளட் குரூப் என்ன?" என்று கேட்டாள்.

அந்த முறை இவர் போனை என்னிடம் தரவில்லை. "பொறு மகள், கேட்டுச் சொல்றன்" என்றார்.

யாரிடம் கேட்டார்? டொக்டரிடம் என்று நினைக்கிறீர்கள். செட்டிபாளையத்தில் இருக்கிற தங்கை யோகாவிடம் கேட்டார். என் மச்சாள் யோகா ஸ்கூட்டியில் களுவாஞ்சிகுடிக்கும் பட்டிருப்புக்கும் பறக்கிறவள். சாரதி லைசன்ஸில் ரத்த வகை போட்டிருக்கிறதே.

"தங்கச்சி, நம்மட ரத்தம் என்ன வகை?"

"பொறுங்க அண்ணன், லைசன்ஸப் பாக்கிறன். பி பொசிட்டிவ் எண்டு கிடக்கு."

"அப்ப சரி. நமக்கு பி."

வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மட்டக்களப்பார் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்குக் குடி, அதாவது குலம், தாய்வழிதானே. ஒரு தாய் வயிற்றில் இருந்து இறங்கி வந்தவர்கள் எல்லோரும் ஒரே வயிற்றுவார். கல்யாணம் பேசும்போது முதல் கேட்பது குடி. கோயிலில் சடங்கு நடப்பது குடிக்கொரு நாள். காளாஞ்சி என்று வெற்றிலைத் தட்டை மரியாதையாகக் கொடுப்பதும் குடிக்கு ஒருவரைக் கூப்பிட்டுத்தான். அப்படி இருக்க, ரத்தம் மட்டும் குடியை விட்டு வேறெங்கே போகப்போகிறது? உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

அட்டவணையை வாசித்ததும் இவருக்கு இன்னும் நம்பிக்கை ஏறியது. "மாடு மேய்ச்ச ஆக்களாம். பால், தயிர் ஆகுமாம். நம்மட பக்கம் எருமைத் தயிருக்குப் பேர்போன இடமெல்லா. பாத்தியாகா, எப்பிடிப் பொருந்துது எண்டு!"

என்னுடைய ரத்தம் ஏ. அது நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது இங்கே சோதித்துச் சொன்னது. ஏ வகையார் பயிர் செய்தவர்கள் என்று அட்டவணையில் இருந்தது.

"உன்ட ஆக்கள் வட்டை வட்டையா வயல் செஞ்சவங்க. அதுவும் சரி" என்றார்.

3

அன்றிலிருந்து என் குசினி இரண்டு நாடாகப் பிரிந்தது.

அந்த அட்டவணைப்படி பிக்கு நண்டு ஆகாது, இறால் ஆகாது, கோழி ஆகாது. தக்காளி ஆகாது. கோதுமை ஆகாது, அதனால் பாண் இல்லை. இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். தேங்காயும் ஆகாதாம்! தேங்காய்ப்பால் இல்லாமல் சொதி வை, தேங்காய்ப்பூ இல்லாமல் புட்டு அவி என்று ஒரு மட்டக்களப்புப் பெண்ணிடம் சொல்வது, கையைக் கட்டிவிட்டு வாவியில் நீந்தச் சொல்வதைப் போன்றது. நான் முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை செய்கிறேன். அங்கே உப்பில்லாதவருக்கு ஒரு தட்டு, பல்லில்லாதவருக்கு ஒரு தட்டு என்று வகைவகையாகப் போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் அதே வேலை.

என்னையும் இறைச்சியை விடச் சொன்னார். "ஏகாரருக்கு மரக்கறிதான் நல்லதாம்" என்றார். "என்ட ரத்தம் எனக்குச் சொல்லட்டும், மறுகா பாப்பம்" என்று நான் ஆட்டுக்கறியைப் போட்டுத் தின்றேன். என் ரத்தம் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு காரியம் நடந்தது. ஒவ்வொரு நாள் மத்தியானமும் அபி எடுக்கத் தொடங்கினாள். என்னுடைய போனுக்கு இல்லை, தகப்பனின் போனுக்கு.

"அப்பா, இண்டைக்கு நீங்க என்ன சாப்பிட்டது?"

அவளுடைய தமிழ் அப்படித்தான். சொற்கள் எங்களுடையவை, அடுக்கு ஜெர்மன்காரருடையது. இவர் திருத்துவதில்லை. பீட்ரூட் கறி, கொஞ்சச் சோறு, தயிர் என்று ஒப்புவிப்பார். கோப்பையைப் படம் பிடித்து அனுப்புவார். அவள் கைதட்டுகிற படம் ஒன்று திருப்பி அனுப்புவாள். பின்னேரம் நடக்கச் சொன்னாள். ஆற்றங்கரையோடு நடக்கத் தொடங்கினார். நடந்துகொண்டே கதைப்பார்கள். கோவாக் கறியில் தொடங்கிய கதை அவளுடைய வேலைக்குப் போகும், மேலதிகாரிக்குப் போகும், கடைசியில் ஒருநாள் அந்தப் பெடியனின் பெயரையும் இவர் வாயால் சொல்லிக் கேட்டேன். "அவன் என்ன குரூப்பாம்?" என்று கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். எனக்குக் கண் கலங்கியது.

மகளுடைய ரத்தம் என்ன வகை என்று மட்டும் இவர் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்கும் காரணம் குடிதான். பிள்ளை தாய்க்குடி, தாய் ஏ, ஆகவே பிள்ளையும் ஏ. கேட்க என்ன இருக்கிறது?

அபி சின்னவளாக இருந்தபோது ஊர்ச் சடங்குக்குப் போயிருந்தோம். கோயில் வீதியில் பெரியவர் ஒருவர் அவளை மறித்து, "நீ என்ன குடி மகள்?" என்று கேட்டார். அவள் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தகப்பனின் குடியைச் சொன்னாள். சுற்றி நின்ற சனமெல்லாம் சிரித்தது. "இல்ல மகள், நீ அம்மாட குடி. அங்க போய் நில்லு" என்று அவளைக் கொண்டுவந்து என்னுடைய ஆட்களோடு நிற்பாட்டினார்கள். இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, வெறுங்கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில், "நான் வளக்கிறன், கணக்கு உங்கட பக்கம்" என்று பகிடியாகச் சொன்னார். அந்தப் பகிடியை ஏனோ நான் மறக்கவில்லை.

4

இனி அத்தானின் கதை. அதைச் சொல்லாமல் என் பயம் உங்களுக்கு விளங்காது.

அத்தானுக்கும் சீனி வருத்தம்தான். ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். யாரோ ஒருவர் கசாயம் கொடுத்தார். குடித்தார், கொஞ்ச நாள் சீனி இறங்கிய மாதிரி இருந்தது. இனி மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டார். வயலுக்குள் இறங்கினபோது சேற்றில் கிடந்த ஊரிச் சிப்பி ஒன்று கால் பெருவிரலைக் கீறியது. காயம் ஆறவில்லை. கறுத்தது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று எடுத்தார்கள்.

இவர் பறந்து போய்ப் பார்த்தார். கட்டிலில் கிடந்த தமையன், "தம்பி, பாதம் கடிக்குதுடா, ஒருக்காச் சொறிஞ்சு விடு" என்றாராம். பாதம் இருந்த இடத்தில் வெறும் விரிப்பு. இவர் அந்த விரிப்பைச் சொறிந்துவிட்டுக்கொண்டு இருந்தாராம். அடுத்த வருசம் அத்தான் போய்ச் சேர்ந்தார். இதை இவர் எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னார்.

ஆனபடியால்தான் ரத்த வகைச் சாப்பாட்டில் சீனி இறங்கத் தொடங்கியபோது எனக்குச் சந்தோசமும் வந்தது, பயமும் வந்தது. அடுத்த சோதனைக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் கணினியைப் பார்த்துச் சிரித்தார். நல்ல முன்னேற்றம் என்றார். இவர் நெஞ்சை நிமிர்த்தி ரத்த வகைக் கதையைச் சொன்னார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். அப்படிச் சாப்பிடுவதால் ரத்த வகைக்கு ஏற்ற பலன் கிடைக்கிறது என்பதற்கு நல்ல சான்று எதுவும் இல்லை என்றார். பாணையும் இனிப்பையும் குறைத்தீர்கள், நடக்கிறீர்கள், மாத்திரை போடுகிறீர்கள், அதனால்தான் இறங்கியது. ஆனால் மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றார். எனக்கு விளங்குகிற ஜெர்மனில் அவ்வளவும் விளங்கியது. இவருக்கு "நல்ல முன்னேற்றம்" மட்டும்தான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"இனி மாத்திரைய விடப்போறன். ரத்தத்துக்கு ஏத்ததத் தின்னுறவனுக்கு மாத்திரை என்னத்துக்கு?"

"அத்தானும் இப்பிடித்தான் சொன்னவர்."

"அது கசாயம். இது விஞ்ஞானம்."

நான் கெஞ்சினேன், ஏசினேன், ஒருநாள் சமைக்காமலும் இருந்து பார்த்தேன். கடைசியில் ஒரு தவணைக்கு ஒத்துக்கொண்டார். இவருக்குக் குடலிறக்கம் இருந்தது. அதற்குச் சின்ன ஒப்பரேஷன் ஒன்று செய்ய நாள் குறித்திருந்தார்கள். அது முடியும்வரை போடுவாராம், பிறகு போடமாட்டாராம்.

அபியிடம் சொல்லி நிற்பாட்டலாம் என்று யோசித்தேன். "உன்ட அந்த அட்டவணை சும்மா கதையாம்" என்று சொல்ல எத்தனை தரம் போனை எடுத்திருப்பேன். ஆனால் அது பொய் என்று ஆனால் மத்தியானப் போனும் நின்றுவிடுமே. மறுபடியும் "இந்தா அம்மாட்டக் குடுக்கிறன்" தொடங்கிவிடுமே. ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் பிள்ளை. நான் போனை வைத்துவிடுவேன்.

5

திவசம் முடிந்து கொஞ்ச நாளில், ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு முன் பத்திரம் நிரப்பத் தந்தார்கள். இந்த நாட்டில் பத்திரம் நிரப்பாமல் சாகவும் முடியாது; செத்த பிறகும் நிரப்ப இருக்கிறது.

எங்கள் பெயரே இங்கே பெரிய வில்லங்கம். அகதியாக வந்து இறங்கிய அன்று, இவருடைய பெயருக்கு முன்னால் இருந்த தகப்பன் பெயரைப் பிடித்துக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இவர் திரு கணபதிப்பிள்ளை. இவரைக் கட்டினதால் நான் திருமதி கணபதிப்பிள்ளை. அபி செல்வி கணபதிப்பிள்ளை. என் மாமனார் கல்லாற்றுக்கு அப்பால் அதிகம் போகாத மனுசன். அவருடைய பெயரைத்தான் நாங்கள் மூன்று பேரும் சுவிஸ் முழுக்கக் காவித் திரிகிறோம். என் குடிக்கு இங்கே ஒரு கட்டமும் கிடையாது. அபி பிறந்தபோது பெயர் பதியப் போய், "பிள்ளை என் பக்கம்" என்று கந்தோர்க்காரிக்கு விளக்க முயன்றேன். கணவனைப் பிரிந்து வந்துவிட்டேன் என்று நினைத்து, ஆறுதல் சொல்லி, தண்ணீர் தந்தாள்.

பத்திரத்தில், ரத்த வகை தெரிந்தால் எழுதவும் என்று ஒரு கோடு இருந்தது. இவர் பேனையை அழுத்தி "பி பொசிட்டிவ்" என்று எழுதினார்.

"சும்மா விடுங்களன். அவங்க சோதிப்பாங்கதானே" என்றேன்.

"தெரிஞ்சத ஏன் வெறுமையா விடுவான்?" என்றார்.

ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்கள். பிறகு இளம் தாதி ஒருத்தி கையில் தாளோடு வந்தாள். பெயரைச் சொல்ல முயன்று, பாதியில் களைத்து, "கணபதி" என்று நிறுத்தினாள்.

"நீங்கள் பி என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சோதனையில் ஓ பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது."

இவர் அமைதியாகச் சிரித்தார். யாரோ ஒருவருடைய தாளை மாற்றிக்கொண்டு வந்த பிள்ளைக்குச் சிரிப்பதுபோல. "இல்லை. பி. என் தங்கை பி" என்றார்.

"உங்களைச் சோதித்தார்களா?"

"தங்கையைச் சோதித்தார்கள்."

அவளுக்கு விளங்கவில்லை. வயிற்றுவாருக்கு ஜெர்மனில் சொல் ஏது? இவர் தேடிப் பார்த்துவிட்டு, தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "நானும் தங்கையும் ஒரே வயிறு" என்றார். தாதி உடனே குனிந்து அவருடைய வயிற்றை அமத்தி, "இங்கேயா வலிக்கிறது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்திரத்தில் வேறாக எழுதியிருந்ததால் இன்னொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். அதுவும் ஓ. அவள் பொறுமையாகச் சொன்னாள்: ரத்த வகை தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும், ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கே வேறு வேறாக இருக்கலாம். ஒரு சின்ன அட்டையில் எழுதி இவர் கையில் தந்தாள். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரயிலில் வரும்போது போனில் அந்த அட்டவணையைத் தேடி எடுத்தார். பிறகு, "தயிர் ஓவுக்கு ஆகாது" என்றார்.

"ஓம்."

"நண்டு ஆகும்."

"ஓம்."

"அப்ப பிழையானதத் தின்னுதான் சீனி இறங்கினதா?"

இவர் வெளியே பார்த்தார். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்:

"அண்ணன்ட ரத்தம் என்னெண்டு எனக்குத் தெரியாதுகா."

"எனக்கும் தெரியாதுங்க. அத்தான் மாத்திரைய விட்டவர். அதுதான் எனக்குத் தெரியும்."

எங்கள் நிலையம் வரும்வரை இவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். நான் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி எல்லார் முன்னாலும் கை பிடிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

6

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தங்கைக்கு எடுத்தார். ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர் போல இருந்தது குரல்.

"தங்கச்சி, எனக்கு ஓவாம்."

"என்ன ஓ?"

"ரத்தம். பி இல்லையாம். அப்ப நாம..."

யோகா சிரித்த சிரிப்பு குசினிவரை கேட்டது. "அண்ணன், உங்களுக்கென்ன விசரா? அம்மா உங்கள வயித்துல சுமந்தத ஊரே பாத்தது. லைசன்ஸ் அடிக்கிறவனா நமக்குக் குடி தாறது? வாற சடங்குக்கு வாங்க. காளாஞ்சி வாங்க நம்மட குடியில மூத்த ஆம்பிளை இனி நீங்கதான்."

இவர் மூக்கை உறிஞ்சினார். "வாறன்" என்றார்.

தங்கை பக்கம் தீர்ந்தது. மகள் பக்கம் இருந்தது. மத்தியானம் போன் அடித்தபோது என் கையில் கரண்டி நின்றுவிட்டது. இவர் சொல்லாமல் மறைக்கக் கூடும் என்று நினைத்தேன். மறைக்கட்டுமே என்றும் நினைத்தேன்.

"அப்பா, இண்டைக்கு நீங்க என்ன சாப்பிட்டது?"

"மகள், ஒரு பிழை நடந்து போச்சு" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். லைசன்ஸ், வயிற்றுவார், ஓ அட்டை, எல்லாம். "இவ்வளவு நாளும் நீ பாடுபட்டது வீணாப் போச்சு மனே. கோவியாத."

நான் அடுப்பைக் குறைத்தேன். இதோ, இனி அவள் போன் எடுக்கமாட்டாள் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

"அப்பா," என்றாள் அபி. "நானும் ஓ தானே."

"நீ ஏ எல்லா?"

"இல்ல. நான் வேலையில ரத்தம் குடுக்கிறனான். ஓ பொசிட்டிவ். உங்கட மாதிரி."

இவர் போனைக் காதில் இருந்து எடுத்து, அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

"இஞ்ச கேட்டியா? புள்ள என்ட ரத்தமாம்."

"ரத்தம் உங்கட எண்டா வெச்சுக்கொள்ளுங்க" என்றேன். "குடி என்ட." அதற்கு மேல் எனக்குப் பகிடி விட முடியவில்லை.

"அப்ப நாம ரெண்டு பேரும் வேட்டைக்காறர்" என்று இவர் போனுக்குள் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு கதைத்தார்கள், கதைத்தார்கள், என்னுடைய சோறு குழைந்துபோகும்வரை கதைத்தார்கள்.

7

இதை எழுதச் சொன்ன ஊர்ப் பத்திரிகைக்காரர், ரத்த வகை பார்த்துச் சாப்பிடுவதில் பிரயோசனம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். என் அறிவுக்கு எட்டினதைச் சொல்கிறேன். ரத்தத்துக்காகச் சாப்பிட்டு ஒன்றும் வரவில்லை. பாணை விட்டதும் நடந்ததும் நல்லது. வெள்ளைச் சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள்; அதற்கு என்ன வகை என்று பார்க்கத் தேவையில்லை. மாத்திரை போடுகிறவர்கள் டொக்டரைக் கேளாமல் விடாதீர்கள். தேங்காயை யாரும் விடச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன ஞாயிறு அபி வந்தாள். மறுபடி நண்டு வாங்கி ஆக்கினேன். அவளுக்கு நண்டு உடைக்கத் தெரியாது; கத்தியும் முள்ளுக் கரண்டியும் தேடினாள். இவர் கால் காலாக உடைத்துச் சதையை எடுத்து அவளுடைய கோப்பையில் வைத்தார். கடைசியில் கொழுத்த கால் ஒன்றை எடுத்துத் தமையனின் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வாயில் வைத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும், வழமைபோலச் சின்னப் பீரிசுத் தட்டில் மாத்திரையும் பக்கத்தில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன். இவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"ஒப்பரேஷன் முடிஞ்சுதானே" என்றார். "சீனியும் இறங்கித்தானே இரிக்கு."

ரயிலில் விளங்கிய மனுசனுக்கு வீட்டில் விளங்கவில்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயந்து, கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன்.

அபி என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துவிட்டுத் தன்னுடைய போனை எடுத்து, விரலால் மேலும் கீழும் தள்ளி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

"ஓ பொசிட்டிவ் ஆக்கள். சாப்பாட்டுக்குப் பிறகு. டொக்டர் தந்த மாத்திரைய. ஒவ்வொரு நாளும். கட்டாயம் போட வேணும்."

அவளுடைய போனின் முகம் கறுப்பாக இருந்தது. வெளிச்சமே வரவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு அது தெரிந்தது. இவர் என்னைவிடக் கிட்ட இருந்தார்.

இவர் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நம்மட ரத்தத்துக்கு அப்பிடியா போட்டிரிக்கு?"

"ஓம் அப்பா. நம்மட ரத்தத்துக்கு."

இவர் மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்தார்.